பதினோரு இடங்களில் ஒரு சொல்

கோலசிலாங்கூர்
4 மார்ச் 2024

மதிப்பிற்குரிய பேராசிரியர் இந்திரகுமாரி வைரவநாதன் அவர்களுக்கு,

வணக்கம். தோட்ட வாழ்க்கையைப் பற்றித் தாங்கள் ஆங்கிலத்தில் எழுதிய நூலைத் தமிழாக்கம் செய்யும் வேலையைப் பதிப்பாளர் மகேந்திரன் என்னிடம் கொடுத்திருக்கிறார். நான் இங்கே நீதிமன்றத்தில் இருபத்தாறு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பாளர். மின்னஞ்சலில் கேட்கலாமே என்றார் மகேந்திரன். சொற்களைப் பற்றிக் கேட்பதென்றால் எனக்குத் தாள் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து அத்தியாயங்கள் முடித்துவிட்டேன். தகராறு ஒரே சொல்லோடுதான். மைக்ரோகாஸம். நூலில் பதினோரு இடங்களில் வருகிறது. பென்சிலால் வட்டமிட்டு எண்ணினேன். ஒவ்வோர் இடத்திலும் வேறு ஆள் போல நிற்கிறது.

முன்னுரையில் மனித உடலே ஒரு சிறிய பிரபஞ்சம் என்று பழைய கிரேக்கர்கள் நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கே பிண்டம் என்று போட்டால் சித்தர் பாட்டு கேட்டு வளர்ந்தவருக்குப் புரியும். ஆனால் எங்கள் வீட்டில் பிண்டம் என்றால் இறந்தவருக்கு உருட்டி வைக்கும் சோறு. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் அதே சொல்தான். மூன்றாம் அத்தியாயத்தில், சிலாங்கூர் ஆற்றுச் சேற்றையும் தண்ணீரையும் கண்ணாடி ஜாடியில் அடைத்து, பூச்சிமருந்து சேர்த்து, என்னென்ன சாகிறது என்று பார்க்கும் ஆராய்ச்சியைச் சொல்கிறீர்கள். அந்த ஜாடிக்கும் இதே பெயராம். அங்கே நுண்ணுலகம் பொருந்தும். நம் தோட்டத்துத் தொழிலாளர்களின் இருபத்து நான்கு வீட்டு லயம் மொத்த நாட்டுக்கும் சிறிய படம் என்னும் இடத்தில் சிற்றுலகம் போட்டேன். ஆனால் சில பக்கங்களில் வெறும் 'உதாரணம்' என்பதற்கே அந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருப்பதாகத் தோன்றுகிறது. அங்கே என்ன செய்வது?

ஒரு சம்பவம் சொல்கிறேன். சென்ற ஆண்டு கலவரக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு செம்பனைத் தோட்டத் தொழிலாளிக்கு நான் மொழிபெயர்த்தேன். அவருடைய வழக்கறிஞர் திடீரென்று ஆங்கிலத்துக்குத் தாவி, இந்த வழக்கு ஒரு சமூகத்தின் மைக்ரோகாஸம் என்றார். எனக்கு உடனே சொல் வரவில்லை. "உங்க கேஸ் மாதிரிதான் எல்லார் கேஸும்னு சொல்றாரு" என்றேன். அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப எனக்கு மட்டும் எதுக்கும்மா இந்தக் கூண்டு?" என்றார்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லோகேஸ்வரி புனிதன்


பெர்த்
15 மார்ச் 2024

அன்புள்ள லோகேஸ்வரி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். என் சொற்களை இவ்வளவு கவனமாக யாரும் எண்ணியதில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் இங்கே பாடம் நடத்தினேன். ஒரு மாணவராவது அந்தக் கூண்டுக்காரர் கேட்ட கேள்வியைக் கேட்டிருந்தால் நல்ல ஆசிரியையாகியிருப்பேன்.

நீங்கள் சொல்வது சரி. அது பழைய சொல். போன இடமெல்லாம் வேறு வேலை பார்த்திருக்கிறது. வைத்தியர்களுக்கு உடல், உயிரியல்காரர்களுக்கு ஜாடி, எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கிராமம் அல்லது ஒரு லயம். உதாரணம் வேறு, இது வேறு. உதாரணம் என்பது பலவற்றில் ஒன்று. மைக்ரோகாஸம் என்றால் அந்த ஒன்றுக்குள் மற்ற எல்லாமே இருக்கும். ஒரு சின்ன இடத்தைத் திறந்தால் முழு அமைப்பும் உள்ளே இயங்குவது தெரிய வேண்டும். எல்லா இடத்திலும் சிற்றுலகம் என்றே போடுங்கள். வாசகர் பழகிக்கொள்வார்.

ஆறாம் அத்தியாயத்துக்கு வரும்போது இது இன்னும் தெளிவாகும். நூலின் இதயம் அதுதான். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்து எழுதியது.

கோலசிலாங்கூர் என்று பார்த்ததும் மகிழ்ச்சி. என் அப்பா கிராணியாக, அதாவது அலுவலகக் கணக்கராக, இருந்த பெல்மோர் தோட்டம் அங்கிருந்து பத்து மைல்தான். இப்போது முழுக்கச் செம்பனை என்றார்கள். கடிதத்தில் ஓரிடத்தில் 'நம் தோட்டம்' என்று எழுதியிருக்கிறீர்கள். மொழிபெயர்க்கும்போது அப்படி ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது. நீங்கள் எந்தப் பக்கம்?

அன்புடன்,
இந்திரகுமாரி


கோலசிலாங்கூர்
2 ஏப்ரல் 2024

பேராசிரியர் அவர்களுக்கு,

ஆறாம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை இப்படித் தமிழில் எழுதியிருக்கிறேன். சரியா என்று பாருங்கள்.

"1984 அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, து. என்ற இருபது வயதுப் பெண்ணுக்குப் பிரசவ வலியோடு இரத்தப்போக்கும் ஏற்பட்டது. தோட்டத்து லோரி கொட்டகையில் நின்றது. அதன் சாவி கிராணி வீட்டில் இருந்தது. கிராணி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப யாரும் போகவில்லை. கேட்டுப் பார்க்கவும் துணியாத அந்த மௌனம், தோட்ட வாழ்க்கை முழுவதற்கும் ஒரு சிற்றுலகம்."

து. என்பது துளசி. காளியண்ணன், கலாவதி தம்பதியின் மூத்த மகள். நான் அடுத்த மகள். நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டீர்கள். நான் லயத்துப் பக்கம், ஒன்பதாம் நம்பர் வீடு.

இதற்கு மேல் 'நீங்கள்' என்று எழுத முடியவில்லை, இந்திரா. சனிக்கிழமைகளில் உன் வீட்டுச் சமையலறைப் பக்கம், குசினிப் படிக்கட்டில் உட்கார்ந்து உன் பழைய ஆங்கிலப் புத்தகங்களில் படம் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். உன் நூலை எடுத்ததும் யார் எழுதியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன். எங்களைப் பற்றி நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று பார்க்க ஆசை. உன் மேல் கோபத்தோடு வரவில்லை. அன்றைக்கு நீ சிறு பிள்ளை; உன் வீட்டில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. ஒருவேளை உன் அப்பா சொல்லச் சொன்னதை நீ சொல்லியிருக்கலாம் என்றுதான் நாற்பது வருடமும் நினைத்தேன்.

ஆனால் 'யாரும் போகவில்லை' என்று எப்படி எழுதினாய்?

நான் வந்தேன். அப்பாவும் அக்காவின் கணவர் சுகுமாறன் மாமாவும் சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் அம்மாவும் அக்காவும் ஐந்து வயதுத் தம்பி திவாகரனும் நானும்தான். லோரி ஓட்டும் செல்லன் மாமா பின்னால் பலகை போட்டு மெத்தை விரித்துக்கொண்டே, "ஓடு புள்ள, கிராணி ஐயா வீட்டுல சாவி வாங்கிட்டு வா" என்றார். அப்போதுதான் அந்தப் பேய்க்காற்று ஓய்ந்திருந்தது. வழியில் தமிழ்ப்பள்ளிக் கூரைத் தகரங்கள் கிடந்தன. நான் ஓடி வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டினேன். நீதான் திறந்தாய்.

"அப்பா இல்லை. கிள்ளானுக்குப் போயிட்டார். பின்னேரம்தான் வருவார்" என்றாய்.

நான் போய் அதையே சொன்னேன். செல்லன் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு இரண்டு கல் தள்ளியிருந்த பெரிய ரோட்டுக்கு ஓடினார். ஒரு காய்கறி லோரியை மறித்துக் கூட்டிவர ஒன்றரை மணி நேரம் ஆனது. அக்காவை ஏற்றி ஆற்றுப் பாலம் தாண்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது. பிள்ளையும் பிழைக்கவில்லை.

நாலு மணிக்கு உன் அப்பா வீட்டிலிருந்து இறங்கி வந்தார். எல்லோரும் பார்த்தார்கள். தோட்டத்தை நிர்வகித்த துரை விசாரித்தபோது, 'எங்கள் வீட்டுக்கு யாரும் வரவில்லை' என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு என் பேச்சை யார் நம்புவார்கள்? நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் நின்றதை ஒரு வாத்தியார் வீட்டம்மா பார்த்திருந்தார். கூரை பறந்ததை வேடிக்கை பார்த்து நின்றுவிட்டு, கிராணி வீட்டில் ஆளில்லை என்று பொய் சொல்லிவிட்டாள் பாதகி என்று லயம் முழுக்கப் பேச்சு. அப்பா பெல்ட்டால் அடித்தார். அம்மா அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

அந்த வாக்கியத்தை நான் எப்படி மொழிபெயர்ப்பது, சொல்.

லோகேஸ்வரி


பெர்த்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள லோகேஸ்,

உன் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து நான் நானாக இல்லை. துளசி அக்காவின் தங்கை நீ என்று தெரிந்திருந்தால் முதலிலேயே உன்னோடு பேசியிருப்பேன். பெயருக்குப் பதில் ஓர் எழுத்தை மட்டும் போட்டது உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றத்தான். ஆராய்ச்சியில் அது ஒழுங்கு.

அந்தப் பகுதியை நான் என் நினைவிலிருந்து எழுதவில்லை. பழைய தோட்டக் கோப்புகளில் துரையின் விசாரணை அறிக்கை கிடைத்தது. அதில் தட்டச்சில் இருக்கிறது: கிராணியின் வீட்டுக்கு யாரும் வரவில்லை. அதைத்தான் மேற்கோள் காட்டினேன். ஓர் ஆவணம் ஒன்று சொல்லும்; நினைவு ஒன்று சொல்லும். நாற்பது வருடத்துக்கு முன்னால் நடந்ததில் எது எப்போது நடந்தது என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீ வேறொரு நாள் வந்ததும் இதுவும் கலந்திருக்கலாம். குழந்தைகளின் நினைவு அப்படிக் கலக்கும் என்று ஆய்வுகள் உண்டு.

அந்த அத்தியாயத்தின் நோக்கத்தையும் நீ பார்க்க வேண்டும். நான் எந்தத் தனி மனிதரையும் குற்றம் சொல்லவில்லை. உன்னையும் சொல்லவில்லை, என் அப்பாவையும் சொல்லவில்லை. யார் கதவைத் தட்டினார்கள், யார் திறந்தார்கள் என்பதல்ல அங்கே கேள்வி. ஒரு லோரிச் சாவி ஒரு மனிதரின் தூக்கத்தில் மாட்டிக்கொள்ளும்படி அந்த அமைப்பு இருந்தது என்பதுதான். சிற்றுலகம் என்ற சொல் அதற்குத்தான்.

உனக்கு வருத்தம் தந்தால் 'யாரும் போகவில்லை' என்பதை 'யாரும் போனதாகப் பதிவு இல்லை' என்று மாற்றலாம். மகேந்திரனுக்கு நானே எழுதுகிறேன்.

உன் அம்மா இருக்கிறாரா? எப்படி இருக்கிறார்?

அன்புடன்,
இந்திரா


கோலசிலாங்கூர்
29 ஏப்ரல் 2024

இந்திரா,

நீதிமன்றத்தில் சாட்சி சொல்பவர்கள் நீளமாகப் பதில் சொன்னால், கேள்வி அவர்களைத் தொட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிடும். உன் கடிதம் இரண்டு பக்கம்.

அம்மா இருக்கிறார். எழுபத்தொன்பது வயது. பத்தாங் காலியில் தம்பி திவாகரனோடு அடுக்குமாடி வீட்டில். ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்க்கிறேன். மருந்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால், "நெசமா கடையிலதான் வாங்குனியா?" என்று கேட்டுவிட்டு ரசீதைத் தம்பியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். என் கல்யாணத்தன்று கோயிலுக்கு நேரத்தோடு வந்து சேர்வேனா என்று சந்தேகப்பட்டுச் செரண்டாவில் இருக்கும் சித்தியை என்னோடு காரில் ஏற்றிவிட்டார். எனக்கு ஐம்பத்தொரு வயது. என் தாய் என்னை ஒரு வேலைக்குத் தனியாக அனுப்பி நாற்பது வருடம் ஆகிறது.

இதையெல்லாம் பதிவில்லாதது என்று நீ திருத்த வேண்டாம்.

என் நினைவு கலந்துவிட்டது என்றாய். அதனால் கலக்காததைச் சொல்கிறேன். உனக்கு ஒரு பக்கம்தான் பின்னியிருந்தது. இன்னொரு பக்கம் தலைமயிர் தோளில் கிடந்தது. நீலப் பூப்போட்ட கவுன். கையில் பாதி கடித்த கொய்யாப்பழம். நான் "அக்காவுக்கு ரத்தம் நிக்காம போகுது" என்றபோது நீ அந்தக் கொய்யாவை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாய். ஏன் மறைத்தாய் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், ஏனென்றால் கேட்பவரும் மறைக்கக் கூடாது. பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் நின்றது உண்மை. திரும்பி வரும்போதுதான் நின்றேன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப் பயம். கொஞ்ச நேரம்தான். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என் கணவர் புனிதனிடம்கூட.

இப்போது உன் முறை. 1984 அக்டோபர் பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் உன் வீட்டுக்கு வந்தேனா, இல்லையா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று போதும். விளக்கம் வேண்டாம்.

அதுவரை ஆறாம் அத்தியாயத்தைத் தொட மாட்டேன்.

லோகேஸ்வரி


பெர்த்
26 மே 2024

லோகேஸ்,

ஆம். வந்தாய்.

அதோடு நிறுத்தச் சொன்னாய். நான்கு வாரமாக அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மற்றதையும் சொல்லாமல் விட்டால் நீ மறுபடியும் என் அப்பாவைத்தான் நினைப்பாய். அவர் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பொய் என்னுடையது.

கதவைத் திறந்ததும் முதலில் நான் பார்த்தது என்ன தெரியுமா? நீ முன்வாசலில் நின்றாய். எப்போதும் குசினிப் பக்கம்தான் வருவாய். சேற்றுக் காலோடு முன்வாசல் சிமெந்தில் நின்றாய். அம்மா பார்த்தால் என்ன சொல்வாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டே அக்காவைப் பற்றிச் சொன்னாய். எனக்குக் கேட்டது. எல்லாம் கேட்டது. கொய்யாவை ஏன் மறைத்தேன் என்று கேட்டாய். ஒரு பிள்ளை அழும்போது தின்றுகொண்டிருக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது தெரிந்தது பார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவை எழுப்பக் கூடாது. முந்தின வாரம் யாரோ லயத்திலிருந்து வந்து கேட்டதற்கு நான் எழுப்பினேன். அப்பா அவரை ஏசி அனுப்பிவிட்டு, என்னையும் ஏசினார். லயத்து ஆட்கள் ஓய்வு நேரத்தில் வந்தால் அப்பா கிள்ளானுக்குப் போய்விட்டார் என்று சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா சொல்வாள், அண்ணா சொல்வார், நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நான் யோசித்து ஒரு பொய்யைத் தேடவில்லை, லோகேஸ். வாய் அதையே சொன்னது. சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க எனக்குத் தெரியவில்லை.

சாவி எனக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. கை நீட்டினால் எட்டும்.

நாலு மணிக்கு லயத்திலிருந்து ஒப்பாரிச் சத்தம் கேட்டு அப்பா எழுந்து வந்தார். "ஆரும் வந்தவையோ?" என்று கேட்டார். "இல்லை, ஒருத்தரும் வரேல்லை" என்றேன். அப்பா என் கால்களுக்குக் கீழே பார்த்தார். முன்வாசல் சிமெந்தில் சேற்றுத் தடம் இருந்தது. சின்னக் கால். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அவரே கழுவிவிட்டார். துரை விசாரித்த நாள் நானும் பக்கத்தில் நின்றேன். "என்ர மகள் பொய் சொல்லாள்" என்றார். அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு கோலாலம்பூர் போய்விட்டார். 2011இல் இறந்தார். ஒருநாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

இருபது வருடம் கழித்து அந்த அறிக்கையைக் கோப்பில் பார்த்தேன். நான் பன்னிரண்டு வயதில் சொன்ன பொய் அங்கே தட்டச்சில், கையொப்பத்தோடு, ஆதாரமாக இருந்தது. நான் அதை அங்கேயே மூடி வைத்திருக்கலாம். நகல் எடுத்தேன். உன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், எழுதும்போது நான் நல்லது செய்வதாகவே நம்பினேன். இது எல்லாத் தோட்டத்திலும் நடந்தது, ஓர் அமைப்பின் குற்றம் என்று எழுத எழுத என் வீட்டுக் கதவு அதில் சின்னதாகிக்கொண்டே போனது. கடைசியில் கதவே இல்லை. யாரும் வரவில்லை என்று ஆகிவிட்டது. அந்தச் சொல்லை நான் அதற்குத்தான் வைத்திருந்தேன். உலகத்தையே உள்ளே வைத்தால் நான் அதில் தெரிய மாட்டேன் என்று.

உன் அம்மா உன்னைச் சந்தேகப்படுவாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்று கேட்காதே. எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலப் பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். மீதமுள்ள பிரதிகளை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். ஆறாம் அத்தியாயம் இப்படி இனி வராது. இந்தக் கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டலாம். யாருக்கு வேண்டுமானாலும் காட்டலாம்.

இந்திரா


பெர்த்
23 ஜூன் 2024

லோகேஸ்,

ஒரு மாதமாகிறது. மொழிபெயர்த்த ஐந்து அத்தியாயங்களையும் மகேந்திரனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாய் என்று அவர் எழுதினார். காரணம் சொல்லவில்லையாம். என் கடிதம் கிடைத்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் பரவாயில்லை.

உன் தொலைபேசி எண்ணை மகேந்திரன் கொடுத்தார். அழைக்கவில்லை. அழைக்கும் தைரியம் இல்லை.

இந்திரா


பத்தாங் காலி
7 ஜூலை 2024, ஞாயிறு

இந்திரா,

கடிதம் கிடைத்தது. ஐந்து வாரமாக என் கைப்பையில் இருந்தது. நீதிமன்றத்துக்கும் வீட்டுக்கும் என்னோடேயே வந்துபோனது. முதல் நாள் படித்ததும் உனக்கு எழுதினேன். அதை அனுப்பியிருந்தால் நீ திரும்ப எழுதியிருக்க மாட்டாய். வேலையைத் திருப்பிக் கொடுத்தது கோபத்தில்தான்.

அம்மாவிடம் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வயதான காலத்தில் ஏன் கிளற வேண்டும் என்றார் புனிதன். திவாகரனிடம் கேட்டேன். அவனுக்கு அப்போது ஐந்து வயது, அக்கா முகம்கூட ஞாபகமில்லை. "உனக்கு என்ன தோணுதோ செய்யிக்கா. ஆனா நீ இல்லாதப்ப அம்மா என்ன சொல்லுவாங்க தெரியுமா? அவ மட்டும் அன்னிக்கு ஓடியிருந்தா துளசி பொழச்சிருப்பான்னு இன்னமும் சொல்லுவாங்க" என்றான்.

இன்று காலை சாப்பாட்டுக்குப் பிறகு படித்தேன். அம்மாவுக்குக் கண் அறுவை செய்து மூன்று வாரம்தான் ஆகிறது. கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உன் கடிதத்தில் படித்த பகுதியை ஒரு வரி விடாமல், கூட்டாமல் குறைக்காமல் வாசித்தேன். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் பேச்சை அப்படித்தான் சொல்லிப் பழக்கம். சாவி ஆணியில் தொங்கிய இடத்தில் அம்மா கையைத் தூக்கினார். நிறுத்தினேன்.

"அது என்ன ஒசரம்னு சொன்னா?"

"கை நீட்டுனா எட்டும்னு எழுதியிருக்கும்மா."

"ம். படி."

முன்வாசலைக் கழுவியது வரை படித்தேன். அங்கே தாளை மடித்துவிட்டேன். அம்மாவும் மீதியைக் கேட்கவில்லை.  

பிறகு, "அப்ப நீ போயிருக்க" என்றார்.

"ஆமாம்மா."

"ஓடித்தான் போனியா?"

"ஓடித்தான் போனேன். வர்றப்ப பள்ளிக்கூடத்துக்கிட்ட கொஞ்சம் நின்னேம்மா. பயமா இருந்துச்சு."

அதையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டால் நானும் உன்னைப் போல ஆகிவிடுவேன். அம்மா கண்ணாடியைக் கழற்றினார். மருத்துவர் கழற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். என் முகத்தை உற்றுப் பார்த்தார். "பதினோரு வயசுப் புள்ள பயப்படாம என்ன செய்யும்" என்றார். என் தலையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். அழவில்லை. நான்தான் குளியலறைக்குப் போய் அழுதேன்.

திரும்பி வந்தபோது, "அந்தக் கிராணி மக வயசு அப்ப என்ன?" என்று கேட்டார்.

"பன்னெண்டு."

"அவளுக்கு நான் ஒன்னும் சொல்லப் போறதில்ல. நல்லதும் சொல்ல மாட்டேன். அவ அப்பன் வாளியத் தூக்கிட்டு வந்து கழுவுனான் பாரு, அத நெனச்சாத்தான் வயிறு எரியுது."

நீ கேட்காவிட்டாலும் இதையும் எழுதுகிறேன்: உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத என் கை வரவில்லை. பிறகு வருமா என்றும் தெரியாது. ஆனால் ஐந்து வாரமாக ஒன்றை யோசித்தேன். உன் வீட்டில் எல்லோரும் பழகிய ஒரு வாக்கியம் ஒரு பிள்ளையின் வாயில் தானாக வந்தது என்று எழுதியிருக்கிறாய். உன் நூல் முழுக்க நீ தேடிய சின்ன உலகம் அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது. இருபத்து நான்கு வீட்டு லயத்தில் இல்லை. துரை, கிராணி, முன்வாசல், குசினி வாசல், யார் எங்கே நிற்கலாம் என்பது எல்லாம் அதற்குள் இருக்கிறது. அதை எழுது. உன் வாயிலிருந்து வந்தது என்று எழுது. அப்போது அந்தச் சொல்லை எங்கே வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை; தமிழிலும் சிற்றுலகம் என்றே போடுகிறேன்.

மகேந்திரனிடம் அந்த ஐந்து அத்தியாயங்களைத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஆறாவதை நீ புதிதாக எழுதி அனுப்பு. அம்மா இரண்டு நிபந்தனை சொல்கிறார். து. என்று போடக் கூடாது. துளசி என்று முழுப்பெயர் போட வேண்டும். பிள்ளையையும் சொல்ல வேண்டும். பெண் குழந்தை. பெயர் வைக்கவில்லை.

வேறென்ன எழுதுவது? மத்தியானம் மூன்று மணி ஆகிறது. நான் திவாகரனின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அம்மா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து, தம்பியை எண் போட்டுத் தரச்சொல்லி ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறார். பெல்மோர் தோட்டத்தில் அன்று இருந்தவர்களில் யார் மிச்சமோ அவர்களுக்கெல்லாம். செரண்டா சித்திக்குச் சொல்லியாயிற்று. சுகுமாறன் மாமா இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அம்மா அவரோடு பேசியதில்லை, அவருக்கும் சொல்லியாயிற்று. ஒரு வீட்டில் எடுத்தது யாரோ மருமகள். அவர்கள் மாமியார் போன வருடமே இறந்துவிட்டாராம். அம்மா வைத்துவிடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நாங்கள் யார், துளசி யார் என்று முதலிலிருந்து சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

இப்போது செல்லன் மாமாவுக்குப் போட்டிருக்கிறார்கள். அவருக்குக் காது கேட்காது. அம்மா கத்துவது அடுத்த வீடு வரை கேட்கிறது.

"நம்ம லோகேசுண்ணே! லோகேசு! அன்னிக்குப் போயிருக்கா. ஆமா, கேட்டிருக்கா, கதவத் தட்டிக் கேட்டிருக்கா. பொய் சொல்லலண்ணே எம் மக. போயிருக்கா!"

லோகேஸ்வரி